பேனரின் அடிவரிசையில் ஒன்பது முகங்கள்

1

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். காரியம் கெடத் தொடங்கிய நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் என் வேலைதான். ஒஹாயோவில் பள்ளிக்கூட பஸ்களை அனுப்பிவைக்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். எந்த அழைப்பு வந்தாலும் நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது அங்கே விதி. அன்று பதினேழாம் எண் பஸ் பனியில் நின்றுவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 9:12 என்று எழுதிவிட்டு எடுத்தேன். எதிர்முனையில் என் மகள் மெர்சி. நான் கைபேசியை எடுக்காததால் அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டிருந்தாள்.

அவள் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவள் இல்லை. சொல்லப்போனால் மற்ற நேரத்திலும் அதிகம் கூப்பிடுகிறவள் இல்லை.

"அம்மா, ஊர்ல மாமா பேனர் கீனர் எதுவும் வச்சாகளா?"

"எதுக்குக் கேக்குற?"

"எனக்கு ஒரு இமெயில் வந்திருக்கு. அதுல திருச்சுழி பஸ் ஸ்டாண்டு இருக்கு."

படத்தை அனுப்பினாள். பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளக்ஸ் பேனர். இடது பக்கம் மெர்சி. முகம் எங்கள் உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. கழுத்துக்குக் கீழே யாருடையதோ வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும். வலது பக்கம் இங்கே உள்ள மருத்துவமனையின் சின்னம். நடுவில், அங்கே மேற்பயிற்சி இயக்குநராக இருக்கும் டாக்டர் லிண்டாவின் சிரித்த முகம், இணையதளத்திலிருந்து எடுத்தது. 'அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவ மேற்பயிற்சிக்குத் தேர்வாகியுள்ள எங்கள் டாக்டர் மெர்சியை வாழ்த்துகிறோம். இடம் வழங்கிய தாயுள்ளம் டாக்டர் லிண்டா அம்மையாருக்கு நன்றி!' அடிவரிசையில், நம் ஊர் பேனர்களில் இருப்பது போலவே, வைத்தவர்களின் படங்கள். ஒன்பது பேர்.

அந்த மருத்துவமனையிலிருந்து வந்த மின்னஞ்சலில் மூன்றே வரிகள்தான். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு உதவுங்கள், இன்று மதியம் ஒரு மணிக்கு இயக்குநர் உங்களோடு வீடியோவில் பேச விரும்புகிறார், நன்றி. அந்த நன்றிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பதினொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஆச்சரியக்குறி போட்டு நன்றி சொன்ன கடிதங்கள்தான் எனக்கு அதிகம் கெடுதல் செய்திருக்கின்றன.

2

என் தம்பி ஞானராஜுக்குப் போன் போட்டேன். அங்கே இரவு எட்டு மணி ஆகப்போகிறது. முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னக்கா, பாத்துட்டியா? எப்படி இருக்கு? அந்த டாக்டரம்மா பேரு சரியாப் போட்டிருக்கோமா?"

"ஏன்டா வச்ச? யாரைக் கேட்டு வச்ச? உடனே இறக்கு."

"நேத்துதானக்கா வச்சோம். கலர் சரியா வரலையா?"

"இன்னும் இடமே கிடைக்கலடா!"

அவனுக்குப் பின்னால் டீக்கடையில் யாரோ டம்ளரைக் கழுவுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீதானக்கா சொன்ன? டாக்டரம்மா வாக்குக் குடுத்துட்டாக, இனிமே கவலை இல்லன்னு."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

இந்த இடத்தில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை பார்க்க வேண்டுமானால் தேர்வுகளை எழுதிய பிறகு ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியில் சேர வேண்டும். அதற்கு மருத்துவமனைகள் நேர்காணல் செய்யும். நேர்காணல் முடிந்ததும் மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுக்க வேண்டும். மருத்துவமனைகளும் தங்களுக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். இரண்டையும் கணினி பொருத்திப் பார்த்து மார்ச் மாதம் முடிவு சொல்லும். இதற்கு மேட்ச் என்று பெயர். அந்த முடிவு வரும்வரை 'உனக்கு இடம் உண்டு' என்று எந்த மருத்துவமனையும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர்கள்மேல் குற்றம். கொடுத்ததாக யாராவது பொய் சொன்னால் அவர்கள்மேல் குற்றம். எங்கள் பேனர், டாக்டர் லிண்டாவின் சிரித்த முகத்தோடு, நன்றியும் சேர்த்து, அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்பட்டதாகத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அறிவித்துக்கொண்டிருந்தது. பட்டியல் கொடுக்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

நடந்தது இதுதான். மெர்சி அந்த மருத்துவமனையில் இரண்டு மாதம் டாக்டர் லிண்டாவோடு கூடவே நின்று பார்த்துப் பழகினாள். கடைசி நாளன்று அந்த அம்மா, 'உன்னைப் போன்ற ஒருத்தி கிடைத்தால் எங்களுக்கு அதிர்ஷ்டம்' என்றாராம். இதை மெர்சி சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, "இதெல்லாம் எல்லார்ட்டயும் சொல்றதும்மா" என்றும் சொன்னாள். அந்தப் பின்பாதி என் காதில் ஏறவில்லை. திருச்சுழி தாலுகா ஆபீசில் அவ்வளவு பெரிய நாற்காலியில் இருக்கிற ஒருவர் வாய்விட்டு அப்படிச் சொன்னால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். நான் தம்பியிடம் சொன்னபோது அது வாக்கு ஆகிவிட்டது. தம்பி தன் கூட்டாளிகளிடம் சொன்னபோது இடம் ஆகிவிட்டது.

"இறக்கிருடா, ராசா" என்றேன்.

"கட்டுறதுக்கு ஏணியோட ஆள் வந்துச்சுக்கா. இறக்க எங்கள்ல யாரு ஏறுவா?"

3

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவராலும் ஏணியில் ஏற முடியாது.

என் தம்பி கரி வியாபாரம் பார்த்தவன். எங்கள் பக்கம் மழையை நம்பிய விவசாயம். மழை ஏமாற்றினால் காடெல்லாம் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் அனுப்புவார்கள். லோடுக்கு மேலே ஏறிக் கயிறு இறுக்கும்போது கயிறு அறுந்து பின்பக்கமாக விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. நாங்கள் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்த அதே வருடம். மெர்சியும் அப்போது எங்களோடு வந்துவிட்டாள். ஆனால் அவளுக்கு ஊரிலேயே டாக்டருக்குப் படிக்க வேண்டும். பள்ளி முடிந்ததும் மதுரைக்குப் போய்விட்டாள். நான் அனுப்பியது ஒரு பிள்ளையை. ஆறேழு வருடம் கழித்துத் திரும்பி வந்தவள் வேறு ஒருத்தி. கதவைச் சாத்திக்கொள்கிறவள்.

மதுரையில் படித்த காலத்தில் சனிக்கிழமைதோறும் அருப்புக்கோட்டை வந்து அங்கிருந்து பஸ் மாறித் தன் மாமாவைப் பார்க்கப் போவாள். அவனுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்து குழியாகிவிட்டிருந்தது. அதை ஆற்றினாள். தன்னைப்போல் முடங்கியவர்கள் என்று கேள்விப்பட்டவர்களையெல்லாம் அவன் வரச் சொன்னான். பனையிலிருந்து விழுந்தவர், கிணறு வெட்டும்போது கல் விழுந்தவர், பக்கத்து ஊர் வீரசோழனிலிருந்து ஒரு லாரி டிரைவர், வேலைக்குப் போன இடத்தில் காலை இழந்த முருகேசன். முன்பு கரி மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகையில் கூடுவார்கள். கட்டிலிலிருந்து சக்கர வண்டிக்கு மாறுவதற்கு வேப்பம்பலகை ஒன்றை இழைத்து வைத்திருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்து சறுக்கி நகர வேண்டும். ஆளுக்கொரு கைக்கண்ணாடி, தங்களுக்குப் பின்னால் புண் வருகிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்வதற்கு.

ஒருமுறை விடுப்பில் போயிருந்தபோது அந்தக் கொட்டகை வாசலில் நின்றேன். என் தம்பி கத்திக்கொண்டிருந்தான்.

"ஏலே முருகேசா, கண்ணாடிய மூஞ்சிக்கு நேராப் பிடிக்காத. அங்க ஒண்ணும் மாறாது. பின்னாடி பாரு!"

"பின்னாடி மட்டும் மாறியிருக்காக்கும்?" என்றார் முருகேசன். ஒன்பது பேரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பயம்தான் வந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்: "இதெல்லாம் யாரைக் கேட்டு நீ செய்யுற? நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

"சீனியர் டாக்டர்ட்ட கேட்டுத்தான்மா செய்யுறேன். இவுக யாரும் மருந்துக்கு வரல. எந்திரிச்சு உக்கார வாராக."

4

இங்கே வந்து முதல் வருடம் விண்ணப்பித்தபோது தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. மெர்சி மாமாவைப் பற்றி எழுதினாள். நான் படித்தேன். அதாவது, அவள் அறையில் இல்லாதபோது அவள் கணினியில் படித்தேன். அதை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

என் காரணங்கள் எனக்குச் சரியாகத்தான் பட்டன. வீட்டில் ஒருவர் முடங்கிக் கிடப்பதை நம் ஊரில் யாரும் வெளியே சொல்வதில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்குப் போனால் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று பேசுவார்கள். லாரியிலிருந்து விழுந்ததற்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. தவிர, கொட்டகையைப் பற்றிப் படித்தால் லைசென்ஸ் எங்கே என்று இங்கே கேட்பார்கள் என்று நினைத்தேன். அதனால் சிறுவயதிலிருந்தே மனிதகுலத்துக்குச் சேவை செய்ய விரும்பியதாக ஒரு பக்கம் தயாரானது. அதற்கு உதவ ஒரு ஆலோசகரையும் பிடித்தோம். அவர் எங்கள் கண் முன்னாலேயே வேறு யாருடைய பக்கத்திலோ பெயரை மட்டும் மாற்றினாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அந்த வருடம் ஒரு நேர்காணலும் வரவில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்த என் மகள், வேறு டாக்டர்கள் நோயாளிகளிடம் பேசுவதைக் கணினியில் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனாள். அங்கேதான் மறுவாழ்வு மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டர் அவளை டாக்டர் லிண்டாவுக்கு அறிமுகம் செய்தார். இரண்டு மாதம் கூட நின்று பார்க்க அனுமதி. கட்டணம் எதுவும் இல்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. எதற்குச் சும்மா செய்கிறார்கள்?

அதைவிடப் பெரிய சந்தேகம் சிபாரிசுக் கடிதம். டாக்டர் லிண்டா அவளுக்காக எழுதும் கடிதத்தை அவள் பார்க்கக் கூடாதாம். பார்க்கும் உரிமை வேண்டாம் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். போடாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இல்லையாம். நான் திருச்சுழி தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது வாசலைத் தாண்டுவதற்குள் நான்கு முறை வாசித்துப் பார்த்தவள். என் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்ததை அங்கேயே கண்டுபிடித்துத் திருத்தி வாங்கியவள். என் பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்யப்போகிற காகிதத்தை வாசிக்காமல் அனுப்புவதா?

"கேட்டுப் பாரு. ஒரு காப்பி குடுக்க மாட்டாகளா?"

"கேட்டேன்னா நான் அவுகள நம்பலன்னு ஆகும்மா."

"நம்பாமத்தான் இருக்கணும்."

"நீ இரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இந்த இரண்டு வருடத்தில் காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கிற பெற்றோர் யாராவது இதை வாசிக்கலாம். மதிப்பெண் வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். அதே துறை டாக்டர் ஒருவர், இந்தப் பிள்ளை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்து எழுதிய கடிதம் வேண்டும். பெரிய பெயர் உள்ள வேறு துறை டாக்டரின் கடிதம் இங்கே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டத்தான் உதவும். ஏன் இந்தத் துறை என்ற கேள்விக்குச் சொந்தமாக ஒரு பதில் வேண்டும். மறுவாழ்வு மருத்துவம் என்பது குணமாகாததோடு ஒருவர் எப்படி வாழ்வது என்று பார்ப்பது. குணப்படுத்துவதைப் பற்றியே எழுதியிருந்தால் இவர்களுக்குத் துறையே தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்களாம். படிப்பில் விட்டுப்போன மாதங்களை மறைத்தால் அந்த இடைவெளியைத்தான் முதலில் தோண்டுவார்களாம். இதெல்லாம் எனக்கு முதல் வருடம் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாவது வருடம் மெர்சி என்னைக் கேட்கவில்லை. மாமாவைப் பற்றி எழுதிவிட்டாள். கொட்டகையை மட்டும் விட்டுவிட்டாள், அது எனக்காக. நான் கெஞ்சியதற்காக. நான்கு நேர்காணல்கள் வந்தன.

5

அன்று அலுவலகத்தில் அனுமதி கேட்டு, பதினேழாம் எண் பஸ்ஸை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். மெர்சி ஏற்கெனவே வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீ உள்ள இரு. ஆனா படத்துல வராத. பேசாத."

கதவுப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரு மணிக்கு டாக்டர் லிண்டா வந்தார். பேனரில் இருந்த சிரிப்பு இல்லை. நான் உங்களுக்கு இடம் தருவதாக எப்போதாவது சொன்னேனா என்று கேட்டார். இல்லை என்றாள் மெர்சி. நான் அப்படிச் சொன்னதாக நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா என்றார். இல்லை என்றாள். பிறகு ஒரு மூச்சு எடுத்தாள். நீங்கள் சொன்ன நல்ல வார்த்தையை என் அம்மாவிடம் சொன்னேன், என் அம்மா அதைப் பெரிதாக்கி மாமாவிடம் சொன்னார், மாமாவின் நண்பர்கள் சந்தோஷத்தில் இதை வைத்துவிட்டார்கள், இப்போது இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். 'பெரிதாக்கி' என்பதற்கான ஆங்கிலச் சொல் அவள் வாயிலிருந்து வந்தபோது சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இது விளம்பரமா என்று கேட்டார் அந்த அம்மா. எங்கள் ஊரில் பிள்ளை பத்தாவது பாஸானாலும் வைப்பார்கள், பெரியவர் இறந்தாலும் வைப்பார்கள் என்றாள் மெர்சி.

டாக்டர் லிண்டா படத்தை மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்: "கீழே இருக்கும் இந்த ஒன்பது பேர் யார்?"

மெர்சி இடது ஓரத்திலிருந்து தொடங்கினாள். மீசை வைத்திருப்பவர் என் மாமா. அடுத்தவர் பனையிலிருந்து விழுந்தவர்; வேப்பம்பலகையை இழைத்தது அவர்தான். மூன்றாமவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஆனால் கையால் இயக்கும் வண்டியில் டீ விற்கிறார். நான்காமவருக்கு இரண்டு வருடமாகப் புண் வரவில்லை, தினமும் கண்ணாடியில் பார்க்கிறார். அப்படியே ஒன்பது பேர். ஒவ்வொருவரும் முதல் சனிக்கிழமை எதைச் செய்ய முடியாமல் வந்தார்கள், கடைசியாக அவள் பார்த்தபோது எதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று. அவள் குரல் மாறியிருந்தது. கொட்டகை வாசலில் கேட்ட குரல்.

டாக்டர் லிண்டா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இது ஏன் உன் விண்ணப்பத்தில் இல்லை?"

மெர்சி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே நொடிதான். "என் அம்மா பயந்தார்" என்றாள்.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, நீ சொன்னதை அப்படியே குழுவிடம் சொல்வேன், அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். திரை அணைந்தது. 'அதற்கு மேல் சொல்ல முடியாது' என்பதற்குள் என்னென்ன இருக்கக்கூடும் என்று அதற்குப் பிறகு ஒரு மாதம் தோண்டிக்கொண்டே இருந்தேன்.

அன்று திரை அணைவதற்குள் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். டீக்கடை வெளிச்சம். மூன்று சக்கர வண்டிகள் நான்கைந்து, பேனரைச் சுற்றி நிற்கின்றன. ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பால் உட்கார்ந்தபடியே இழுக்கிறார்கள். முதலில் மெர்சியின் வெள்ளைக் கோட்டு கிழிந்தது. டாக்டர் லிண்டா கடைசிவரை சிரித்துக்கொண்டே தொங்கினார்.

6

யார் இதை மருத்துவமனைக்கு அனுப்பியது? திருச்சுழி டீக்கடை ஓரத்தில் இருந்த பேனர் ஒரே நாளில் ஒஹாயோவுக்கு எப்படி வந்தது?

என் மனம் நேராகச் சாந்தா அக்காவிடம் போனது. அவர் குமாரலிங்கபுரத்துக்காரர். எங்களிடமிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறார். விருதுநகர் ரோட்டு ஊர்களின் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்ளும் ஆள் இந்த நகரத்தில் அவர் ஒருவர்தான். அவர் மகன் கார்த்திக் வேறு நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவன். அவனும் அதே துறைக்கு, அதே மருத்துவமனைக்கு விண்ணப்பித்திருந்தான். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மெர்சி விண்ணப்பித்ததை நானும் அவரிடம் சொல்லவில்லை. நேர்காணல் அன்று பிள்ளைகள் இருவரும் ஒரே திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் சந்தித்தால் முருங்கைக்காய் எந்தக் கடையில் வந்திருக்கிறது என்றுதான் பேசினோம்.

ஒருமுறை மட்டும் அவர் கேட்டிருந்தார்: "மெர்சி அந்த ஒரு பக்கத்துல என்ன எழுதுனா, தாயி?"

"எல்லாரும் எழுதுறதுதான்க்கா" என்றேன்.

பேனர் விஷயத்துக்குப் பிறகு அவர் போனை எடுப்பதை நிறுத்தினேன். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியைக் காட்டியபோது பையை அதில் வைத்தேன். ஒருநாள் மளிகைக் கடையில் எதிரே வந்துவிட்டார்.

"ஏன் தாயி, உடம்புக்கு எதுவுமா?"

"எனக்கென்ன? நல்லா இருக்கேன். சில படமெல்லாம்தான் ரொம்ப தூரம் போயிருக்கு."

"என்ன படம்?"

அந்த முழிப்பை நடிப்பு என்று முடிவு செய்துகொண்டு கொத்தமல்லிக்கட்டை எடுத்துப் பார்த்தேன். என் கணவரிடம் சொன்னபோது, "அவுகளுக்கு இமெயில் திறக்கவே தெரியாது. மின்சார பில்லுக்கே என்னத்தான் கூப்பிடுறாக" என்றார். அவருக்கு மனிதர்களைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

7

மார்ச் மாதம், திங்கட்கிழமை காலை மெர்சிக்கு ஒரு வரி வந்தது. ஏதோ ஓர் இடம் கிடைத்திருக்கிறது. எங்கே என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். நான்கு நாள் நான் பஸ் அலுவலகத்தில் நேரங்களைத் தப்பும் தவறுமாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. டாக்டர் லிண்டாவின் மருத்துவமனை இல்லை. மெர்சியின் பட்டியலில் மூன்றாவது இடம். இங்கிருந்து பத்து மணி நேரம் காரில் போக வேண்டிய, இன்னும் அதிகப் பனி விழுகிற ஊர். மறுவாழ்வு மருத்துவம்தான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, பேனர் இல்லாமல் இருந்திருந்தால் என்ற எண்ணமும் வந்தது. அந்தக் கணினி காரணம் சொல்வதில்லை. டாக்டர் லிண்டாவின் பட்டியலில் அவள் எத்தனையாவது பெயராக இருந்தாள், இருந்தாளா இல்லையா, எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. என் வாய் அவளுக்கு அந்த இடத்தைக் கெடுத்ததா என்பதும் தெரியப்போவதில்லை.

"அந்தச் சாந்தா மட்டும் அனுப்பாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

மெர்சி என்னை வினோதமாகப் பார்த்தாள். "சாந்தா ஆன்ட்டியா? முருகேசன் மாமாம்மா. முகநூல்ல போட்டு, அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தையும் சேத்துவிட்டுட்டாரு. அவுக பாத்தா சந்தோஷப்படுவாகன்னு."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு மத்தியானமே தெரியும்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. யாருன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

மறுநாள் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. சாந்தா அக்கா. போன வருடம் நான் குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தார். காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். முகம் இரண்டு நாள் தூங்காத முகம்.

"கார்த்திக்குக்குக் கிடைக்கல, தாயி" என்றார். "எங்கயும் கிடைக்கல."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளே வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. கொத்தமல்லிக்கட்டு நினைவுக்கு வந்தது.

"நான் சண்டைக்கு வரல. ஒண்ணு கேக்க வந்தேன். திருச்சுழியில ஒரு பேனர் வச்சிருந்தாகளாமே, கார்த்திக் போன்ல இப்பத்தான் காட்டுனான். அடியில ஒம்பது பேரு இருக்காகளே, யாருன்னு கேட்டான். எனக்குத் தெரியல. மெர்சிக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரம் பேசுனாக. வச்சுட்டு அழுதான்."

பின்னால் மெர்சியின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"உன் தம்பிகிட்ட ஒரு ஆறு மாசம் அவன வச்சுக்கிடச் சொல்லுவியா? டாக்டரா வேண்டாம். புண்ணு கழுவட்டும், வண்டி தள்ளட்டும். தமிழ் அரைகுறைதான். அவுக திட்டுனா புரியும்ல, அது போதும்."

விண்ணப்பத்தில் எழுதுவதற்காகத்தான் அனுப்புகிறாரோ என்று என் மனம் அந்த வாசலிலும் கேட்டது. அவர் அதை என் முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் முதல்முறையாக அவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எதுக்கு அனுப்புறேன்னு எனக்கே தெரியல. போய்ப் பாக்கட்டும். ஆனா ஒண்ணு, பேனர் மட்டும் வைக்க வேண்டாம்னு சொல்லிரு, தாயி."